ஆளி விதை: உணவாகக் கொள்வோம், மருந்துக்கு மாற்றாக அன்று

எங்கள் உணவியல் பிரிவுக்கு ஆலோசனை பெற வருவோர் அண்மைக் காலமாக மிகுதியாகக் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "ஆளி விதை சாப்பிடலாமா?" என்பது. சர்க்கரை நோய்க்குச் சிகிச்சை பெறுவோர் கேட்கின்றனர். இதய அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோர் கேட்கின்றனர். மலச்சிக்கலால் வருந்தும் முதியோரை அழைத்து வரும் பிள்ளைகளும் கேட்கின்றனர். கேட்பவர்களுள் பலர் விதையை முன்னரே வாங்கி வீட்டில் வைத்திருக்கின்றனர். எவ்வளவு உண்பது, எப்படி உண்பது, மாத்திரைகளோடு சேர்த்து உண்ணலாமா என்பனவே அவர்களுடைய ஐயங்கள்.

சுருக்கமான விடை இதுதான். பெரியவர்களுள் பெரும்பாலோர் ஆளி விதையை உண்ணலாம். நாள்தோறும் ஒரு மேசைக்கரண்டி, பொடித்த நிலையில், போதிய நீருடன் உண்பது நன்மை தரும். ஆனால் அந்த நன்மை அளவானது. அது மருந்தின் வேலையைச் செய்யாது. சிலர் அதைத் தவிர்க்க வேண்டும். வேறு சிலர் மருத்துவரிடம் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். இவற்றுக்கான காரணங்களை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

எந்த விதை இது?

நீல நிறச் சிறு மலர்களைப் பூக்கும் ஓராண்டுச் செடி ஒன்றின் விதையே ஆளி விதை. அச்செடியின் தண்டிலிருந்து எடுக்கப்படும் நாரினால் நெய்யப்படுவதே லினன் துணி. பண்டைய எகிப்தியர் பதப்படுத்திய உடல்களைச் சுற்றி வைத்ததும் இந்தத் துணியினால்தான். செடியின் அறிவியல் பெயர் லினம் உசிட்டாட்டிஸிமம். 'மிகுந்த பயன் உள்ளது' என்பது அப்பெயரின் இரண்டாம் சொல்லுக்குப் பொருள்.

இந்தியாவில் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், பீகார் முதலிய மாநிலங்களில் இது பயிரிடப்படுகிறது. மகாராஷ்டிரத்தில் இதை 'ஜவஸ்' என்பர். வறுத்துப் பொடித்த ஜவஸ் சட்னி அங்கு நெடுங்காலமாக உண்ணப்பட்டு வரும் உணவு. வட இந்தியக் கடைகளில் 'அல்சி' என்றும் 'தீசி' என்றும் விற்பர். நம் ஊர்களில் நாட்டு மருந்துக் கடைகளிலும் பல்பொருள் அங்காடிகளிலும் ஆளி விதை என்ற பெயரிலேயே கிடைக்கிறது.

வாங்கும்போது இரண்டு செய்திகளை நினைவிற் கொள்ள வேண்டும். முதலாவது, சில கடைகளில் 'ஹலீம்' எனப்படும் வேறொரு விதையையும் ஆளி விதை என்றே கூறி விற்கின்றனர். ஹலீம் விதை சிவந்த நிறமும் மிகச் சிறிய, நீண்ட வடிவமும் உடையது. நாம் இங்குப் பேசும் ஆளி விதை எள்ளைவிடச் சற்றுப் பெரியது, தட்டையானது, ஒரு முனை கூர்மையாக, வழவழப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கும். பழுப்பு நிறத்திலும் பொன்னிறத்திலும் கிடைக்கும். இரண்டு நிறங்களுக்கும் சத்தில் பெரிய வேறுபாடு இல்லை; ஆகவே கூடுதல் விலை கொடுத்துப் பொன்னிற விதையைத் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது, ஆளி விதை எண்ணெயைப் பற்றியது. இவ்விதையின் எண்ணெய் லின்சீட் எண்ணெய் என்ற பெயரில் வண்ணப்பூச்சுக் கடைகளிலும் கிடைக்கிறது. மரச்சாமான்களுக்கும் கிரிக்கெட் மட்டைகளுக்கும் தடவுவது அதுவே. விரைவில் உலர்வதற்காக அதில் உலோக உப்புகள் கலந்திருக்கக்கூடும். அந்த எண்ணெயை எக்காரணம் கொண்டும் உணவில் சேர்க்கலாகாது. 'உணவுக்குரியது' என்று அச்சிடப்பட்ட உறையோடு வருவதை மட்டுமே உண்ண வேண்டும்.

ஒரு மேசைக்கரண்டியில் என்ன உள்ளது?

பொடித்த ஆளி விதை ஒரு மேசைக்கரண்டி ஏறத்தாழ 7 கிராம் எடை இருக்கும். அதில் சுமார் 37 கலோரி ஆற்றலும், 3 கிராம் கொழுப்பும், 2 கிராமுக்குச் சற்றுக் குறைவான நார்ச்சத்தும், 1.3 கிராம் புரதமும் உள்ளன. கொழுப்பில் பாதிக்கு மேற்பட்டது, அதாவது ஏறத்தாழ 1.6 கிராம், ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் எனப்படும் ஒமேகா-3 வகைக் கொழுப்பு. மாவுச்சத்து என்று கணக்கிடப்படுவதில் மிகப் பெரும்பகுதி செரிக்காத நார்ச்சத்தே. எனவே இவ்விதை சர்க்கரையை நேரடியாக ஏற்றுவதில்லை.

இவற்றுடன் லிக்னான் எனப்படும் தாவரச் சேர்மங்களும் இதில் நிறைந்துள்ளன. நாம் வழக்கமாக உண்ணும் வேறெந்த உணவிலும் இந்த அளவுக்கு லிக்னான் கிடையாது. நார்ச்சத்து, ஒமேகா-3, லிக்னான் ஆகிய மூன்றுமே ஆளி விதையின் பெருமைக்குக் காரணங்கள். ஒவ்வொன்றும் உடலில் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

நார்ச்சத்தும் குடலும்

ஆளி விதையை நீரில் ஊறவைத்தால் சிறிது நேரத்தில் அதைச் சுற்றிக் கொழகொழப்பான பசை உண்டாவதைக் காணலாம். வெந்தயத்திலும் இவ்வாறு உண்டாகும். இது நீரில் கரையும் வகை நார்ச்சத்து. விதையின் தோலிலோ நீரில் கரையாத வகை நார்ச்சத்து உள்ளது. முதல் வகை மலத்தை இளக்குகிறது. இரண்டாம் வகை அதன் பருமனைக் கூட்டிக் குடலை எளிதில் நகரச் செய்கிறது. மலச்சிக்கலுக்கு ஆளி விதை உதவுவது இவ்வாறுதான்.

ஆயினும் நீர் இன்றி இது நிகழாது. பசை உண்டாவதற்கு வேண்டிய நீரை நாம் அருந்தாவிட்டால், உள்ளே செல்லும் நார் குடலில் இறுகிச் சிக்கலை மேலும் கூட்டக்கூடும். ஒவ்வொரு மேசைக்கரண்டிப் பொடிக்கும் குறைந்தது ஒரு பெரிய டம்ளர் நீர் தேவை.

உலக நலவாழ்வு நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. ஒரு மேசைக்கரண்டி ஆளி விதை தருவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நடுத்தர அளவுள்ள ஒரு கொய்யாப் பழத்தில் இதைவிட இரு மடங்குக்கு மேல் நார்ச்சத்து கிடைக்கிறது. கீரை, அவரை, கொள்ளு, கேழ்வரகு, கம்பு ஆகியவை தட்டில் இடம் பெறாதபோது ஆளி விதை மட்டும் அந்தக் குறையை ஈடு செய்துவிடாது.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். வயது முதிர்ந்த ஒருவருக்குப் புதிதாக மலச்சிக்கல் தோன்றினாலோ, மலத்தில் குருதி கலந்திருந்தாலோ, உடல் எடை காரணமின்றிக் குறைந்தாலோ ஆளி விதையைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று நாள்களைக் கடத்த வேண்டாம். அவை முதலில் மருத்துவர் பார்க்க வேண்டிய அறிகுறிகள்.

ஒமேகா-3 கொழுப்பு

நம் உடல் தானாக உண்டாக்கிக்கொள்ள இயலாத கொழுப்புகளுள் ஆல்ஃபா லினோலெனிக் அமிலமும் ஒன்று. உணவின் வழியே மட்டுமே அது கிடைக்க வேண்டும். நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் தேங்காய் எண்ணெயிலும் இது மிகக் குறைவு. ஆகவே மீன் உண்ணாதவர்களுக்கு ஆளி விதை ஒரு நல்ல வாயில்.

எனினும், மீனில் உள்ள ஒமேகா-3 கொழுப்பும் ஆளி விதையில் உள்ளதும் ஒன்றல்ல. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் உள்ளவை இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்னும் இரு வகைகள். உடல் அவற்றை அப்படியே பயன்படுத்திக்கொள்ளும். ஆளி விதையின் கொழுப்பை உடல் முதலில் அவ்வகைகளாக மாற்ற வேண்டும். அந்த மாற்றம் மிகக் குறைந்த அளவிலேயே நடைபெறுகிறது. ஆகையால் மீன் உண்ணும் வழக்கம் உள்ளவர்கள் ஆளி விதை உண்கிறோம் என்பதற்காக மீனை விட்டுவிட வேண்டியதில்லை. மீனைக் குழம்பாகவோ ஆவியில் வேகவைத்தோ உண்பது, எண்ணெயில் பொரித்து உண்பதைவிட நல்லது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

ஆளி விதை கொலஸ்ட்ராலைக் குறைக்கும், ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், சர்க்கரையைக் குறைக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இவை முற்றிலும் பொய்யல்ல. எந்த அளவுக்குக் குறைக்கும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்வோம். 28 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுதிரட்டி 2009ஆம் ஆண்டில் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, முழு விதையை உணவில் சேர்த்தவர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். சராசரியாக டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராம் அளவில் குறைந்ததாகக் கண்டது. விதையின்றி எண்ணெயை மட்டும் உட்கொண்டவர்களுக்கு அத்தகைய குறைவு காணப்படவில்லை. நல்ல கொலஸ்ட்ராலிலும் டிரைகிளிசரைடிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

இந்த 6 மில்லிகிராமை ஓர் எடுத்துக்காட்டில் வைத்துப் பார்ப்போம். மாரடைப்புக்குப் பின் ஒருவருக்கு எல்.டி.எல். அளவு 150 என்று கொள்வோம். ஆளி விதை மட்டும் அதனை 144 என்னும் அளவுக்குக் கொண்டு வரலாம். மருத்துவர் எழுதிக் கொடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரையோ, அதன் வகையையும் அளவையும் பொறுத்து, 30 முதல் 50 விழுக்காடு வரை குறைக்கக்கூடியது. அதாவது 105 அல்லது 75 என்னும் அளவுக்கு. மாத்திரையை நிறுத்திவிட்டு ஆளி விதைக்கு மாறுபவர் எதை இழக்கிறார் என்பது இந்த எண்களில் தெளிவாகும்.

ரத்த அழுத்தம் குறித்துக் கனடா நாட்டின் வின்னிபெக் நகரில் நடைபெற்ற ஓர் ஆய்வு பெரிதும் பேசப்படுகிறது. கால்களுக்குச் செல்லும் ரத்தக் குழாய்களில் அடைப்பு உள்ள 110 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 30 கிராம் ஆளி விதைப் பொடி சேர்த்த உணவும், மற்றொரு பிரிவினருக்கு அதே போன்ற தோற்றமுடைய வேறு உணவும் தரப்பட்டன. ஆறு மாத முடிவில், ஆளி விதை உண்டவர்களின் மேல் அழுத்தம் ஏறத்தாழ 10 புள்ளிகளும், கீழ் அழுத்தம் ஏறத்தாழ 7 புள்ளிகளும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. 2013ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு மருத்துவ உலகின் கவனத்தை ஈர்த்தது.

ஆயினும் இங்குச் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் உண்டது நான்கு மேசைக்கரண்டிக்கு மேல். ஆறு மாதம் இடைவிடாமல் உண்டனர். அவர்களுள் பலர் ரத்த அழுத்த மாத்திரைகளையும் உட்கொண்டு வந்தவர்களே. மாத்திரைக்குப் பதிலாக விதையை உண்டவர்கள் அல்லர். மேலும், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பின்னாளைய தொகுப்பாய்வுகளில் மேல் அழுத்தம் குறைந்த அளவு சராசரியாக 2 முதல் 3 புள்ளிகள் மட்டுமே.

சர்க்கரை நோயிலும் நிலைமை இத்தகையதே. உணவோடு சேர்த்து உண்ணும் நார்ச்சத்து, மாவுச்சத்து செரிக்கும் வேகத்தைத் தணிக்கிறது. உணவுக்குப் பின் சர்க்கரை திடீரென ஏறுவதை ஓரளவு மட்டுப்படுத்துகிறது. ஆய்வுகளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை குறைந்ததெல்லாம் சில மில்லிகிராம் அளவே. மூன்று இட்லியோடு நிறுத்த வேண்டியவர், ஆளி விதைப் பொடி தொட்டுக்கொள்கிறோம் என்று ஐந்து இட்லி உண்டால் அந்தப் பயனும் போய்விடும்.

லிக்னானும் பெண்களின் ஐயங்களும்

குடலில் வாழும் நுண்ணுயிர்கள் லிக்னானை வேறு சேர்மங்களாக மாற்றுகின்றன. அவை பெண்களின் ஈஸ்ட்ரோஜன் இயக்குநீரை ஒருவாறு ஒத்திருப்பவை. ஆனால் மிக மென்மையாகவே செயல்படுபவை. இதனால் மாதவிடாய் நின்ற பின் தோன்றும் உடல் வெப்பமும் வியர்வையும் ஆளி விதையால் தணியும் என்ற நம்பிக்கை பரவியது.

அமெரிக்காவில் 188 பெண்களிடம் இது சோதிக்கப்பட்டது. ஒரு பிரிவினர் ஆளி விதை சேர்த்த தின்பண்டத்தையும், மற்றொரு பிரிவினர் அது சேராத தின்பண்டத்தையும் ஆறு வாரம் உண்டனர். 2012ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, இரு பிரிவுகளிலும் மூன்றில் ஒரு பங்கினருக்கு அந்த வெப்ப உணர்வு பாதியாகக் குறைந்தது. இரு பிரிவுகளுக்கும் வேறுபாடு இல்லை. ஆகவே ஆளி விதையால்தான் குறைந்தது என்று கூற இயலாது.

மார்பகப் புற்றுநோய், கருப்பைப் புற்றுநோய் முதலியவற்றுக்குச் சிகிச்சை பெறுவோர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். ஆளி விதை புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று நிறுவப்படவில்லை. அதே வேளையில், உணவில் ஒரு கரண்டி சேர்ப்பதே பெருந்தீங்கு என்று அஞ்சவும் வேண்டியதில்லை. இயக்குநீர் சார்ந்த புற்றுநோய்க்கு மாத்திரை உட்கொள்பவர்கள், தங்களுக்குச் சிகிச்சையளிக்கும் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்ட பின்னர் நாள்தோறும் உண்பதைத் தீர்மானிப்பதே முறை.

விதையா, பொடியா, எண்ணெயா?

முழு விதையின் தோல் கடினமானது. நன்கு மெல்லாமல் விழுங்கினால், அது செரிக்காமல் அப்படியே மலத்தோடு வெளியேறிவிடும். மலத்தை இளக்குவதற்கு அது சிறிது உதவலாம். ஆனால் உள்ளிருக்கும் ஒமேகா-3 கொழுப்பும் லிக்னானும் உடலில் முழுமையாகச் சேரா. பொடித்து உண்பதே பயன் தரும். பற்களை இழந்த முதியோருக்கு இது இன்னும் இன்றியமையாதது.

எண்ணெயில் ஒமேகா-3 கொழுப்பு உண்டு, நார்ச்சத்து இல்லை, லிக்னானும் இல்லை எனலாம். அதனைத் தாளிப்பதற்கும் பொரிப்பதற்கும் பயன்படுத்தலாகாது. குறைந்த வெப்பத்திலேயே புகையத் தொடங்கிக் கெட்டுவிடும். விலையும் மிகுதி. ஆகையால் பெரும்பாலோருக்கு எண்ணெயும், எண்ணெய் அடைத்த மாத்திரைகளும் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

பச்சை விதையில் சயனைடை வெளியிடக்கூடிய சேர்மங்கள் மிகச் சிறிதளவு உள்ளன. மரவள்ளிக் கிழங்கிலும் அவை உள்ளன. அதை வேகவைத்தே உண்பது நம் வழக்கம். ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி அளவில் உண்ணும்போது உடல் அவற்றை எளிதில் நீக்கிவிடும். வறுப்பதாலும் வேகவைப்பதாலும் அவை மேலும் குறையும். ஆயினும் 'நல்லது தானே' என்று கிண்ணம் கிண்ணமாகப் பச்சைப் பொடியை உண்ணலாகாது என்பதற்கு இது தக்க காரணம்.

வீட்டில் பயன்படுத்தும் முறை

விதையைப் புடைத்துத் தூசியையும் கல்லையும் நீக்கிக்கொள்ளுங்கள். வெறும் வாணலியில், எண்ணெய் இன்றி, சிறு தீயில் வறுங்கள். விதைகள் மெல்லப் பொரிந்து மணம் வந்தவுடன் இறக்கிவிட வேண்டும்; கருக விடலாகாது. நன்கு ஆறிய பின் ஈரமில்லாத மிக்ஸி ஜாரில் இடைவெளி விட்டு விட்டு அரையுங்கள். தொடர்ந்து அரைத்தால் எண்ணெய் கசிந்து பொடி கட்டிபிடிக்கும்.

ஆளி விதையின் கொழுப்பு காற்று பட்டால் விரைவில் கெடும் இயல்புடையது. எனவே முழு விதையாக வாங்கி, ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவை மட்டும் பொடித்து, காற்றுப் புகாத பாத்திரத்தில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காறல் வாடையோ கசப்போ தோன்றினால் அந்தப் பொடியைக் கொட்டிவிடுவதே நல்லது.

நம் சமையலில் இதற்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. உளுந்து, கடலைப் பருப்பு, மிளகாய் ஆகியவற்றோடு ஆளி விதையையும் வறுத்து இட்லிப் பொடியாக அரைக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் உப்பையும் நல்லெண்ணெயையும் குறைத்துக்கொள்ள வேண்டும். கேழ்வரகுக் கூழிலும் கம்பங்கூழிலும் ஒரு கரண்டி கலக்கலாம். மோரில் கலக்கி உடனே அருந்தலாம். சப்பாத்தி மாவில் சேர்த்துப் பிசையலாம். அடை மாவில் கலக்கலாம். பொரியலை இறக்கும்போது மேலே தூவலாம். வெல்லம் சேர்த்து உருண்டையாகப் பிடிக்கும் வழக்கமும் உண்டு. சர்க்கரை நோயாளிகள் அதைத் தவிர்க்க வேண்டும்.

முதல் வாரம் நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டியோடு தொடங்குங்கள். வயிறு உப்புதல், காற்றுப் பிரிதல் முதலிய தொல்லைகள் இல்லையெனில், அடுத்த வாரத்தில் ஒரு மேசைக்கரண்டியாக உயர்த்தலாம். உடல்நலமுள்ள பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் தேவையில்லை. இதுவும் கலோரி உள்ள உணவே. ஒரு மேசைக்கரண்டி ஏறத்தாழ ஒரு சிறிய இட்லிக்கு ஈடு என்று கணக்கில் கொள்ளுங்கள்.

யார் தவிர்க்க வேண்டும்? யார் கேட்டுத் தொடங்க வேண்டும்?

கீழ்க்காணும் நிலைகளில் உள்ளவர்கள் மருத்துவரின் அனுமதியின்றி ஆளி விதை உண்ண வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

குடல் சுருக்கம் அல்லது குடல் அடைப்பு உள்ளவர்களும், அண்மையில் வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும். இவர்களுக்கு உப்பிப் பெருகும் நார்ச்சத்து அடைப்பை உண்டாக்கக்கூடும்.

பக்கவாதத்துக்குப் பின் விழுங்குவதில் இடர்ப்பாடு உள்ளவர்களும், உணவுக்குழாய் குறுகியவர்களும். உலர்ந்த பொடி தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். புரையேறினால் உயிருக்கே ஆபத்து. மூக்கு வழியே குழாயில் உணவு பெறுவோருக்கு இப்பொடியைக் கரைத்து ஊற்றவே கூடாது. பசையாகிக் குழாயை அடைத்துவிடும்.

இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றால் அருந்தும் நீரின் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள். ஆளி விதைக்குக் கூடுதல் நீர் வேண்டும். இவர்களோ கூடுதல் நீர் அருந்தலாகாது. சிறுநீரக நோயாளிகளுக்கு இதில் உள்ள பாஸ்பரஸ், பொட்டாசியம் ஆகியவற்றையும் கணக்கிட வேண்டும்.

கருவுற்ற தாய்மார்களும் பாலூட்டும் தாய்மார்களும். லிக்னான் இயக்குநீரை ஒத்திருப்பதால், நாள்தோறும் மருந்துபோல் உட்கொள்வதைத் தவிர்ப்பது நல்லது. சிறு குழந்தைகளுக்குக் கொடுப்பதற்கு முன் குழந்தைநல மருத்துவரைக் கேளுங்கள்.

பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்கு நாள் குறிக்கப்பட்டவர்கள். விதைகளின் துணுக்குகள் குடற்சுவரில் தங்கிப் பரிசோதனையை மறைக்கும். பரிசோதனைக்கு முந்தைய உணவு குறித்து உங்களுக்குத் தரப்படும் தாளில் கூறியபடி, சில நாள்களுக்கு முன்பே எல்லா வகை விதைகளையும் நிறுத்திவிட வேண்டும்.

அரிதாகச் சிலருக்கு இவ்விதை ஒவ்வாமையை உண்டாக்கும். உண்டபின் உடல் அரிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் தோன்றினாலோ, வயிறு உப்பிக் கடும் வலியும் வாந்தியும் ஏற்பட்டு மலமும் காற்றும் பிரியாமல் நின்றாலோ, காத்திராமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.

மாத்திரைகளோடு சேர்த்து உண்ணும்போது

நார்ப்பசை, உடன் உண்ணும் மாத்திரைகளைச் சுற்றிக்கொண்டு, அவை குடலில் உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தலாம். ஆகவே எந்த மாத்திரைக்கும் ஆளி விதைக்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி இருக்கட்டும். தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் உட்கொள்பவர்கள், காலை உணவில் ஆளி விதையைச் சேர்க்காமல் மதிய உணவில் சேர்ப்பது எளிய வழி.

வார்ஃபாரின், அசெனோகூமரால் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை உட்கொள்வோரும், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் ஆகியவற்றை உட்கொள்வோரும் ஆளி விதையைத் தொடங்குமுன் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். ரத்தம் உறையும் தன்மையை இவ்விதையும் சற்றுக் குறைக்கக்கூடும் என்பதே காரணம். செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர்கள், உணவில் இத்தகைய மாற்றம் செய்தால் ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு வரும்போது அதைக் கட்டாயம் கூறுங்கள். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதும் அவ்வாறே.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், ஆளி விதை தொடங்கிய முதல் சில வாரங்களில் வழக்கத்தைவிடச் சற்று அடிக்கடி சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. அளவு குறைந்திருப்பின் மருந்தைக் குறைப்பதா வேண்டாமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

பேணுவோருக்கு ஒரு சொல்

நாள்பட்ட நோய்க்கு நாள்தோறும் மாத்திரை விழுங்குவது சலிப்பூட்டும் செயல் என்பதை நாங்கள் அறிவோம். வாயில் கசப்பு, மாதந்தோறும் செலவு, 'வாழ்நாள் முழுதும் இதுதானா' என்ற ஏக்கம் இவற்றுக்கிடையே, "இயற்கையான ஒரு விதை போதும்" என்று யாரேனும் சொன்னால் மனம் அந்தப் பக்கம் சாய்வது இயல்பே. நோயாளியைக் குறை கூறிப் பயனில்லை.

ஆயினும் ஒன்றைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். ரத்த அழுத்தமானி 130 காட்டுகிறது என்றால், அது மாத்திரை வேலை செய்வதன் அடையாளம். மாத்திரை இனித் தேவையில்லை என்பதன் அடையாளம் அன்று. மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் பெரும்பாலும் ஓசையின்றி ஏறும். தலைவலியோ மயக்கமோ முன்னறிவிப்பாக வரும் என்று எதிர்பார்த்திருக்க இயலாது. பலருக்கு முதல் அறிகுறியே பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ அமைந்துவிடுகிறது. கெட்ட கொலஸ்ட்ராலும் அப்படியே. அது ஏறுவது உடலுக்குத் தெரியாது.

ஆளி விதையை உண்ண வேண்டாம் என்று நாங்கள் கூறவில்லை. தட்டில் கீரைக்கும் பருப்புக்கும் பழத்துக்கும் பக்கத்தில் அதற்கும் ஓரிடம் கொடுங்கள். மாத்திரைப் பெட்டியில் ஏற்கெனவே உள்ளவற்றை அதற்காக வெளியேற்ற வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

அடுத்த முறை புறநோயாளிகள் பிரிவுக்கு வரும்போது, மருந்துச் சீட்டோடு இன்னொரு தாளையும் கொண்டு வாருங்கள். வீட்டில் நோயாளி உண்ணும் விதைகள், பொடிகள், கஷாயங்கள், லேகியங்கள் யாவற்றையும் அளவோடும் நேரத்தோடும் அதில் எழுதியிருங்கள். கடிந்துகொள்வார்களோ என்று மறைக்க வேண்டாம். எழுதியிருப்பதைப் பார்த்தால், எதைத் தொடரலாம், எதை எந்த நேரத்துக்கு மாற்றலாம், எதை நிறுத்த வேண்டும் என்று மருத்துவரும் உணவியல் நிபுணரும் உங்களோடு அமர்ந்து சில நிமிடங்களில் சொல்லிவிட முடியும்.